எதிர்ப்பு மட்டும் எங்களுக்குப் போதாது: மின்சாரத் திருத்த மசோதா குறித்துத் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றுள்ள 39 உறுப்பினர்களுக்கும் மாநிலங்களவைக்குச் சென்றுள்ள 18 உறுப்பினர்களுக்கும்,

மத்திய மின்துறை அமைச்சகம் 2025 அக்டோபரில் மின்சாரச் சட்டத் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டது. ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், ஏற்கெனவே இருக்கும் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பகிர்ந்துகொண்டு மின்சாரம் விற்கலாம் என்பது அதன் முக்கியமான அம்சம். இந்த எண்ணம் புதிதல்ல. 2014-இல் ஒரு மசோதாவாக வந்து மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. 2022 ஆகஸ்ட் 8 அன்று வேறு வடிவில் மறுபடி வந்து, அன்றே நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, 2024-இல் அதுவும் காலாவதியானது. இந்த ஆண்டுகளில் ஆட்சி மாறினாலும் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த பதில் பெரும்பாலும் மாறவில்லை: மாநில உரிமை பறிபோகும், இலவச மின்சாரம் நின்றுவிடும், தனியாரிடம் போய்விடும், ஆகவே வேண்டாம். இப்போதைய வரைவு அவைக்கு வரும்போதும் நீங்கள் இதையே சொல்லிவிட்டு வெளிநடப்புச் செய்வீர்கள் என்றே நான் எதிர்பார்க்கிறேன். அப்படிச் செய்வது தாழ்வழுத்தத் தொழில் நுகர்வோராகிய, அதாவது தெரு மின்மாற்றியிலிருந்து வரும் சாதாரணக் கம்பியில் மின்சாரம் வாங்கும் சிறு பட்டறைக்காரர்களாகிய, எங்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதை எடுத்துச் சொல்லவே இந்த மடல்.

நான் கோவையின் வடபகுதியில் ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். பம்பு, மோட்டார் நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் முறையில் தண்டுகளும் மூடிகளும் கடைந்து கொடுப்பதே எங்கள் தொழில். அனுமதிக்கப்பட்ட மின்பளு 60 கிலோவாட். கோவை, திருப்பூர், ஓசூர், அம்பத்தூர் எங்கும் எங்களைப் போன்ற பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மின் கட்டணத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரு தனி நிலைமை உண்டு. வீடுகளைப் போல 100 யூனிட் இலவசம் கிடையாது. உழவர்களைப் போல இலவச இணைப்பு கிடையாது. விசைத்தறிக்கு இருப்பதைப் போன்ற சலுகை கிடையாது. நூற்பாலைகளைப் போல வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் உரிமையும் கிடையாது. கேட்ட விலையைக் கொடுத்து, கிடைத்த தரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் எதிர்ப்புக்கான காரணங்களை நான் மறுக்கவில்லை. உழவருக்கும் ஏழை வீட்டுக்கும் குறைந்த விலையில் அல்லது விலையின்றி மின்சாரம் தர வேண்டுமானால், யாரோ ஒருவர் அடக்க விலைக்கு மேல் கொடுத்தாக வேண்டும். அந்தக் குறுக்கு மானியத்தைக் கொடுப்பவர்களில் நாங்களும் உண்டு. என் பட்டறையில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தோட்டம் துரவு உள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், அந்தப் பணம் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் முனகியதும் இல்லை. என் கேள்வி வேறு. மின்சாரம் விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமிழ்நாட்டில் இல்லவே இல்லை என்பதுபோலவும், இந்த வரைவுதான் அதைப் புதிதாகக் கொண்டுவந்து எல்லாவற்றையும் குலைக்கப்போகிறது என்பதுபோலவும் நீங்கள் பேசுகிறீர்கள். அந்த உரிமை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் இருக்கிறது.

சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒரு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தேவைப்படும் நுகர்வோர் அனைவருக்கும் ‘ஓப்பன் அக்சஸ்’ வசதியை, அதாவது இருக்கும் கம்பி வழியாகவே வேறொருவரிடம் மின்சாரம் வாங்கும் வசதியை, ஐந்தாண்டுக்குள் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் தர வேண்டும் என்று சொன்னது. ஒரு மெகாவாட் என்பது 1000 கிலோவாட். என்னுடையதைப் போன்ற பட்டறைகள் பதினாறு பதினேழு சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். அந்த வரம்பைத் தாண்டிய ஆலைகள் மின்சந்தையில் வாங்கலாம், தனியார் உற்பத்தியாளரிடம் நேரடியாக ஒப்பந்தம் போடலாம். இதன்றி, ஒரு மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தைப் பயன்படுத்தும் கூட்டுச் சொந்த உற்பத்தியாளர்களாகி, வெளியே வாங்குபவர் குறுக்கு மானியத்துக்கு ஈடாகக் கட்ட வேண்டிய கூடுதல் கட்டணத்திலிருந்தும் விலக்குப் பெறலாம். பல்லடத்திலும் உடுமலையிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளில் கணிசமானவை இப்படி ஆலைகளோடு கட்டிவைக்கப்பட்டவைதான். அதில் தவறொன்றும் இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் இவ்வளவு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த உரிமை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை 2012-இல் நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். அந்த ஆண்டு கோவையில் ஒரு நாளின் பாதிப் பொழுதுக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் பல உண்டு. எங்கள் தெருமுனையில் இருந்த நூற்பாலைக்கும் வெட்டு இருந்தது. ஆனால் 2008-இல் தொடங்கிய மின்சந்தையில் வாங்கி, காற்றாலையில் இருந்த பங்கையும் சேர்த்து, பெரும்பாலான ஷிப்டுகளை அது ஓட்டியது. தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு 2013 இறுதியில்தான் இணைந்தது என்பதால், அதற்கு முன் வெளி மின்சாரம் இங்கே வந்து சேர்வதில் நெரிசல் அதிகம், விலையும் அதிகம். அப்படியிருந்தும் வாங்குவதற்கு அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. எங்களுக்கு இருந்தது டீசல் ஜெனரேட்டர் மட்டுமே. வாரிய மின்சாரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் செலவாகும் அந்த மின்சாரத்தில் கடைந்த தண்டுக்கு, வாடிக்கையாளர் ஒரு பைசா கூடுதலாகத் தரவில்லை. ஜெனரேட்டர் வாங்க முடியாதவர்கள் லேத்தைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, அதே வாடிக்கையாளரின் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்தார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை என்றால் விலையில் ஐம்பது காசு மிச்சம் பிடிப்பது என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்தில் தாழ்வழுத்த இணைப்பு வைத்துப் பட்டறை நடத்தியிருக்க மாட்டார்கள்.

2022-இல் மத்திய அரசு பசுமை மின்சாரத்துக்கு இந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்து விதி வெளியிட்டது. ஒரே நுகர்வோரின் பல இணைப்புகளை ஒரே மின்கோட்டத்துக்குள் சேர்த்தும் அந்த 100-ஐ எட்டலாம் என்று அடுத்த ஆண்டு திருத்தமும் வந்தது. நல்ல நகர்வு, ஆனால் 60 கிலோவாட்டும் 40 கிலோவாட்டும் வைத்திருக்கும் அடுத்தடுத்த இரண்டு பட்டறைக்காரர்கள், ஒரே மின்மாற்றியில் தொங்கிக்கொண்டிருந்தாலும், கைகோத்து வாங்க முடியாது. பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு துணிக்கடை முதலாளிக்கு அது பயன்படலாம்; எங்களுக்குப் பயன்படவில்லை.

வெளியே போகும் கதவு மூடியிருக்க, உள்ளே இருப்பதன் விலை ஏறிக்கொண்டே வந்தது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கு யூனிட் 6 ரூபாய் 35 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம், ஓடினால்தானே யூனிட். நிலைக் கட்டணம் அப்படியல்ல. கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது, 50 கிலோவாட்டைத் தாண்டிய எங்களைப் போன்றோருக்கு 150 ரூபாயானது. என் கணக்கில் அது மாதம் 2100 ரூபாயிலிருந்து 9000 ரூபாய். ஆர்டர் இல்லாமல் எந்திரங்கள் உறை போட்டு நிற்கும் மாதத்திலும் அந்தக் கட்டணம் வரும். உச்சநேரக் கட்டணம் தனி. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் குறு, சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைத்தது இதற்காகத்தான். அதன் பிறகு உச்சநேரக் கட்டணத்தில் சில சலுகைகள் கிடைத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் என்று ஆண்டுதோறும் ஏறும் வழக்கமும் வந்து சேர்ந்தது. வேறு எந்த மூலப்பொருள் ஏறினாலும், இரும்போ ஆயிலோ இன்சர்ட்டோ (லேத்தில் உலோகத்தைக் கடையும் முனை), நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறேன். மின்சாரத்துக்கு மட்டும் கேட்க இரண்டாவது கடை இல்லை.

இவ்வளவும் சொன்னதால் இந்த வரைவை நான் ஆதரிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். வரைவைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் உங்கள் எதிர்ப்பு தரும் ஏமாற்றத்துக்குக் குறைந்ததல்ல. ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்ட நுகர்வோருக்கு மின்சாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமையிலிருந்து பகிர்மான நிறுவனத்தை ஆணையம் விடுவிக்கலாம் என்கிறது அது. உற்பத்தித் தொழில்கள், ரயில்வே, மெட்ரோ ஆகியவை கொடுக்கும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுக்குள் நீக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாங்க வழியுள்ளவர் வெளியே போவது இன்னும் எளிதாகும். போகிறவரின் பங்கு யார் தலையில் விழும் என்பதற்கு, மாநில அரசு விரும்பினால் மானியம் கொடுக்கட்டும் என்பதுதான் விடை. மானியத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று சட்டத்தின் 65-ஆம் பிரிவு இப்போதே சொல்கிறது. அது எந்த அழகில் நடக்கிறது என்பதைப் பல மாநிலங்களின் பகிர்மான நிறுவனங்களுடைய கடன் கணக்கு சொல்லும். பெரியவர் போய்விட, உழவரும் ஏழை வீடும் மானியத்தில் இருக்க, கடைசியில் மிஞ்சுவது கடைக்காரரும் பட்டறைக்காரரும். தேர்ந்தெடுக்கும் உரிமையை மேலிருந்து கீழாகத் திறந்தால் நேரக்கூடியது இதுதான்.

இதைவிட எனக்கு நெருக்கமான ஒரு குறையும் வரைவில் இருக்கிறது. பட்டறையில் நாள்தோறும் பார்ப்பது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் கணினி இயக்கும் சிஎன்சி லேத் எந்திரங்கள் இரண்டு உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல், சுற்றியுள்ள வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறும் நேரத்தில், மின்னழுத்தம் சரியும். சாதாரண லேத் என்றால் சற்று முனகிவிட்டு ஓடும். சிஎன்சி அப்படி ஓடாது. அழுத்தம் குறைந்த கணத்திலேயே அதன் டிரைவ் அலாரம் அடித்து, தண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்திவிடும். கடைந்துகொண்டிருந்த தண்டில் இன்சர்ட் சிக்கி உடையும். தண்டு கழிவில் போகும். அது வாடிக்கையாளர் கொடுத்த மூலப்பொருள் என்பதால் அதன் விலையை எங்கள் பில்லில் கழித்துக்கொள்வார்கள். எந்திரத்தை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அளவு வைத்து ஓட்டுவதற்குள் அந்த ஷிப்டின் கணக்கு கெட்டுவிடும். எங்கள் பகுதியின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். வந்து பார்த்த ஊழியர் நல்ல மனிதர். ‘டிரான்ஸ்பார்மர் தாங்கலைங்க, இன்னொண்ணு வெக்கணும், எஸ்டிமேட் போயிருக்கு’ என்று உண்மையைச் சொன்னார். அந்த மதிப்பீடு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கடைசியில் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். அதன் செலவும் எங்களுடையது, அது தின்னும் மின்சாரமும் எங்கள் மீட்டரில்தான் ஏறுகிறது.

நாளைக்கே எங்கள் தெருவில் மூன்று நிறுவனங்கள் மின்சாரம் விற்க வந்தாலும் இந்த நோய் தீராது என்பதை அமைச்சகமும் நீங்களும் கவனிக்க வேண்டும். விற்பவர் மாறலாம், அந்த மின்மாற்றியும் அதிலிருந்து வரும் கம்பியும் மாறப்போவதில்லை. இன்றைக்கு ஒருவரிடம் புகார் சொல்கிறோம். நாளை விற்பவரிடம் கேட்டால் ‘கம்பி எங்களுடையதல்ல’ என்பார். கம்பிக்காரரிடம் கேட்டால் ‘நீங்கள் எங்கள் வாடிக்கையாளரல்ல’ என்பார். கம்பியின் பொறுப்பும் விற்பனையின் பொறுப்பும் தனித்தனிக் கணக்காக, பதில் சொல்லத் தனித்தனிப் பொறுப்பாளரோடு பிரிக்கப்படாத வரை, போட்டி என்பது எங்களுக்குக் கூடுதலாக ஒரு படியேறும் வேலை மட்டுமே. 2014 மசோதா கம்பியையும் விற்பனையையும் பிரிப்பதைப் பற்றியாவது நேராகப் பேசியது. இப்போதைய வரைவு கம்பியைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறதே தவிர, தெருமுனை மின்மாற்றி சுமை தாங்காமல் திணறினால் நுகர்வோர் முன் நின்று பதில் சொல்வது யார் என்பதைத் தெளிவாக்கவில்லை.

புகார் சொல்லும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மன்றத்தின் தலைமை நாற்காலியில் இருப்பவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். யார்மீது புகாரோ அவருடைய மேலதிகாரியே விசாரிக்கிறார். 2004-ஆம் ஆண்டின் செயல்திறன் விதிமுறைகளில் தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. புதிய இணைப்புத் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய், ஆனால் 1000 ரூபாய்க்கு மேல் கிடையாது. 2020 நுகர்வோர் உரிமை விதிகள், கேட்காமலே தானாகக் கணக்கில் சேரும் இழப்பீட்டைப் பற்றிப் பேசின. எங்கள் சங்கக் கூட்டத்தில் அப்படி யாருடைய ரசீதிலாவது கழிவு வந்திருக்கிறதா என்று கேட்டபோது கை தூக்கியவர் எவரும் இல்லை.

வெளியில் நடந்தவற்றைக் காட்டி நீங்கள் எச்சரிப்பீர்கள் என்பதும் தெரியும். மும்பையில் 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, புறநகர் நுகர்வோர் பழைய நிறுவனத்தின் கம்பியிலேயே வேறொரு நிறுவனத்தின் மின்சாரத்தை வாங்க 2009-இல் ஆணையம் அனுமதித்தது. ஏராளமானோர் மாறினார்கள், விரைவில், அதிகம் பயன்படுத்தும் நுகர்வோரை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற புகாரும், மாறியவர்கள் பழைய பாக்கியில் எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற வழக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அங்கே நடந்ததாவது போட்டி. டெல்லியில் 2002-இல் செய்தது தனியார்மயம். ஊரை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். டெல்லிக்காரர் ஒருவருக்கும் எனக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமையில் வேறுபாடு எதுவும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதை நீங்களும் நிறுத்த வேண்டும், அமைச்சகமும் நிறுத்த வேண்டும்.

பிரிட்டனில் 1999 முதல் எல்லா வீடுகளும் தாங்கள் விரும்பும் விற்பனையாளரை வைத்துக்கொள்கின்றன. அங்கே 2021 ஜூலை தொடங்கி ஓராண்டுக்குள் 29 விற்பனை நிறுவனங்கள் மூழ்கின. சொந்தமாக ஒரு மின் நிலையமும் இல்லாமல், நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தமும் இல்லாமல், மலிவு விலை சொல்லி ஆள் பிடித்த நிறுவனங்கள் அவற்றில் பல. அவற்றின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு சுமார் 270 கோடி பவுண்டு. அதை எல்லா நுகர்வோரும் தங்கள் பில்லில் கட்டினார்கள். டெக்சாஸில் 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது மொத்தச் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9000 டாலரைத் தொட, அந்த விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்தும் திட்டத்தில் சேர்ந்திருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. இவை போட்டியே கூடாது என்பதற்கான சான்றுகள் என்று நான் நினைக்கவில்லை. விற்பனையாளருக்கு உரிமம் கொடுக்கும்போது அவருடைய பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கான சான்றுகள். உங்கள் கைக்கு மசோதா வரும்போது திருத்த வேண்டிய இடங்களை இவை காட்டிக்கொடுக்கின்றன. ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று எழுந்து போனால் அந்த வாய்ப்பும் போகும், பெரும்பான்மை உள்ளவர்கள் தாங்கள் எழுதியபடியே நிறைவேற்றிவிடுவார்கள்.

மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. மின்சந்தை 15 நிமிடக் கணக்கில் நடக்கிறது. ஒரு நாளுக்கு 96 பகுதிகள். எந்தக் கால்மணியில் எவ்வளவு எடுத்தேன் என்று பதிவாகாத மீட்டரை வைத்துக்கொண்டு எனக்கு யாரும் வேறு விலை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டருக்கான டெண்டர் 2024 இறுதியில் ரத்தானது. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை; ஆனால் தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்காவது முதலில் அந்த மீட்டரைப் பொருத்த ஒரு காலக்கெடு வேண்டும். யாரிடம் வாங்கினாலும், எங்கள் பகல் ஷிப்டை மதியச் சூரிய மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்துக்கு நகர்த்தவாவது அது உதவும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை.

மசோதா அவைக்கு வரும்போது, தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கீழிருந்தும் திறக்கும் திருத்தம் ஒன்றை முன்மொழியுங்கள். ஒரே மின்மாற்றியிலோ ஒரே தொழிற்பேட்டையிலோ இருக்கும் தாழ்வழுத்தத் தொழில், வணிக நுகர்வோர் சங்கமாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து 100 கிலோவாட்டைத் தாண்டினால், அவர்களை ஒரே நுகர்வோராகக் கருதி ஓப்பன் அக்சஸ் தர வேண்டும் என்று அது சொல்லட்டும். இந்த வசதி வரும்வரை, ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு மின்சாரம் தரும் கடமையிலிருந்து பகிர்மான நிறுவனங்களை விடுவிக்கும் பிரிவை ஏற்காதீர்கள். தொழில்களுக்கான குறுக்கு மானியத்தை நீக்குவதானால் அதைத் தாழ்வழுத்த இணைப்புகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை நிரப்பும் மானியத்தை மாநில அரசு காலாண்டின் தொடக்கத்திலேயே செலுத்த வேண்டும் என்பதையும், ஒவ்வொருவரின் ரசீதிலும் அவர் கொடுத்த அல்லது பெற்ற குறுக்கு மானியம் தனி வரியாக அச்சிடப்பட வேண்டும் என்பதையும் சட்டமாக்கக் கேளுங்கள்.

கம்பிக்கு ஒரே பொறுப்பாளர் இருக்க வேண்டும். மின்தடைக்கும் மின்னழுத்தக் குறைவுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மீட்டரே பதிவுசெய்யும் அந்தக் குறைகளுக்கான இழப்பீடு, மனு எழுதாமலே அடுத்த ரசீதில் கழிக்கப்பட வேண்டும். விற்க வருபவர் தம் வாடிக்கையாளரின் தேவையில் பெரும்பகுதிக்குக் கொள்முதல் ஒப்பந்தம் காட்டாமல் உரிமம் பெறக் கூடாது. அவர் வாங்கும் வைப்புத்தொகை அவருடைய வியாபாரத்தில் புரளாமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அவர் கடையை மூடினால் அன்றிரவே மின்சாரம் தரும் கடைசி விற்பனையாளர் யார் என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். குறைதீர்க்கும் மன்றத்தின் தலைவர் மின் நிறுவனத்தின் ஊழியராக இருக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மசோதாவை முழுதாக எதிர்ப்பதே உங்கள் கட்சியின் முடிவென்றால், இப்போதுள்ள சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியதைச் செய்ய வையுங்கள். ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓப்பன் அக்சஸ் தந்தே ஆக வேண்டும் என்று 42-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. அதற்குக் கீழே தரக் கூடாது என்று அது எங்கும் தடுக்கவில்லை. படிப்படியாக வரம்பைக் குறைக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திடம் உள்ளது. மாநில உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்கள், மாநிலத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் இந்த உரிமையைப் பயன்படுத்தும்படி மாநில அரசையும் ஆணையத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன் கோவை, திருப்பூர், ஓசூர், அம்பத்தூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு கூட்டமாவது நடத்தி, தாழ்வழுத்த நுகர்வோரை நேரில் கேளுங்கள். ரசீதுகளையும் உடைந்த இன்சர்ட்டுகளையும் கொண்டுவந்து காட்ட நாங்கள் தயார். 60 கிலோவாட் பட்டறைக்காரர் இரண்டாவது விற்பனையாளரிடம் விலை கேட்கும் நாள் எது என்ற கேள்விக்கு, ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், நீங்கள் ஒவ்வொருவரும் தேதியோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவையில் லேத் பட்டறை நடத்தும் ஒரு தாழ்வழுத்த மின் நுகர்வோர்